காவலரை மதிக்கிறோம், துப்பாக்கிக்குக் கணக்கும் கேட்கிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்கவுன்ட்டர் செய்தி வரும் நாளெல்லாம் ஒரே சண்டைதான். "போலீஸுக்கு ஒரு சல்யூட்" என்று ஒரு பக்கம் பட்டாசு வெடிக்கிறார்கள். "காக்கி என்றாலே இப்படித்தான்" என்று இன்னொரு பக்கம் கொதிக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. சுடும் அதிகாரத்தைக் காவல்துறையிடம் கொடுத்தது சட்டம். சுட்ட பிறகு கணக்குச் சொல்லும் கடமையையும் அதே சட்டம்தான் கொடுத்திருக்கிறது. அந்தக் கடமையைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

போலீஸ் மீது மதிப்பு இருக்கிறது என்கிறீர்கள். அப்புறம் ஏன் ஒவ்வொரு என்கவுன்ட்டரையும் சந்தேகப்படுகிறீர்கள்?

மதிப்பு இருப்பதால்தான் கேட்கிறேன். 2008 நவம்பர் 26 இரவு, மும்பை கிர்காவ் சௌபாத்தியில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே என்ன செய்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். எதிரில் ஏ.கே. 47 துப்பாக்கியோடு, மும்பையைத் தாக்க வந்த பயங்கரவாதிகளில் ஒருவரான அஜ்மல் கசாப். இவர் கையில் இருந்தது லத்தி. துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டார், குண்டுகளை உடம்பில் வாங்கினார், பிடியை விடவில்லை. அந்த இடைவெளியில் சக காவலர்கள் கசாபை உயிரோடு பிடித்தார்கள். ஓம்ப்ளேவுக்கு இறப்புக்குப் பின் அசோக சக்ரா வழங்கப்பட்டது.

கசாப் உயிரோடு சிக்கியதால்தான் வழக்கு நடந்தது. யார் அனுப்பினார்கள், எங்கே பயிற்சி எடுத்தார்கள் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் சாட்சியத்தோடு பதிவானது. சிறப்பு நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், கருணை மனு என்று எல்லாப் படிகளையும் கடந்து 2012 நவம்பர் 21-ல் தண்டனை நிறைவேறியது. இந்த நாடு கண்ட மிகப் பெரிய காவல் வீரங்களில் ஒன்று, கொலையாளியை உயிரோடு பிடித்ததில் முடிந்திருக்கிறது. என் மனதில் போலீஸ் என்றால் முதலில் வருவது அந்த மனிதர்தான். அந்த வீரத்தையும், கைவிலங்கோடு அழைத்துச் செல்லப்பட்டவர் விடியற்காலையில் சுடப்பட்டு இறந்த சம்பவத்தையும் ஒரே தட்டில் வைத்து "சபாஷ்" சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சட்டப்படி போலீஸ் எப்போதுதான் சுடலாம்?

நம் சட்டத்தில் "என்கவுன்ட்டர்" என்று ஓர் அதிகாரமே கிடையாது. மரணம் நேரும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்த முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது தற்காப்பு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதைச் சொல்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமைதான் இது. தன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உண்மையான ஆபத்து வந்தால் தடுக்கலாம், தேவைப்பட்டால் எதிராளி இறக்கவும் நேரலாம். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் கூடாது. ஆபத்து நீங்கிவிட்டால் உரிமையும் நீங்கிவிடும். அரிவாள் கீழே விழுந்து, ஆள் மடக்கப்பட்ட பிறகு பாயும் குண்டுக்குத் தற்காப்பு என்ற பெயர் பொருந்தாது.

இரண்டாவது கைது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு, கைதை எதிர்ப்பவர் மீது தேவையான பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்லும் உரிமையை அது தரவில்லை என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. செயின் பறித்துவிட்டு ஓடுகிறவனை, ஓடுகிறான் என்பதற்காக மட்டும் சுட்டுக் கொல்ல இடமில்லை.

மூன்றாவது, சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பது. அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

ரவுடிக்கு என்ன மனித உரிமை? அவன் கொன்றவர்களுக்கு உரிமை இல்லையா?

இருந்தது. அதைப் பறித்ததற்குத்தான் அவனைத் தண்டிக்க வேண்டும். இந்தக் கேள்வியில் இருக்கும் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் நின்று சட்டப் பிரிவு ஒப்பிக்க யாராலும் முடியாது.

ஆனால் "ரவுடி" என்று சொன்னது யார் என்று பாருங்கள். சுட்டவர்கள்தான் சொல்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர் பிணவறையில் இருக்கிறார். 1991-ல் உத்தரப் பிரதேசத்தின் பிலிபித்தில் யாத்திரைப் பேருந்திலிருந்து இறக்கப்பட்ட சீக்கியர்கள் 10 பேரைக் கொன்றுவிட்டு, பயங்கரவாதிகள் என்றது காவல்துறை. 2016-ல் சிபிஐ நீதிமன்றம் 47 காவலர்களுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2022-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை 7 ஆண்டாகக் குறைத்தாலும், குற்றம் நடந்ததை மறுக்கவில்லை. நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்ததையே சொல்கிறேன். 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள். அங்கும் தற்காப்பு என்றே சொன்னார்கள். செம்மரம் வெட்டியது குற்றம் என்றே வைத்துக்கொள்வோம், அதற்கு மரண தண்டனை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அனுப்பிய முதலாளிகள் யார் என்று சொல்லக்கூடிய வாய்கள் அங்கே மூடிப்போயின.

ஹைதராபாத்தும் உங்களுக்கு நினைவிருக்கும். 2019 நவம்பரில் ஒரு கால்நடை மருத்துவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற கொடூரம். டிசம்பர் 6 அதிகாலையில், சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டுக் காவலில் இருந்த 4 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸார் மீது மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம் 2022-ல் தந்த அறிக்கை, போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள் என்றது. சம்பந்தப்பட்ட 10 போலீஸார் மீது கொலை வழக்கு நடத்தவும் பரிந்துரைத்தது. அந்த 4 பேர்தான் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சாட்சியங்களை அலசிச் சொல்லப்போவதில்லை. இறந்த பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய தீர்ப்பும் அதோடு போய்விட்டது.

கோர்ட்டில் வருடக்கணக்கில் இழுக்கிறதே. அதனால்தானே மக்கள் என்கவுன்ட்டரை வரவேற்கிறார்கள்?

உண்மை. அந்த ஆதங்கம் முழுக்க நியாயமானது. காலியாகக் கிடக்கும் நீதிபதி பணியிடங்களை நிரப்பச் சொல்லுங்கள், தடய அறிவியல் ஆய்வகங்களைப் பெருக்கச் சொல்லுங்கள், சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கேளுங்கள், நானும் உங்களோடு வருகிறேன். ஒவ்வொரு என்கவுன்ட்டர் கைதட்டலும் இந்த வேலைகளைச் செய்ய வேண்டிய அரசுக்கு ஒரு தப்பிக்கும் வழியைத் திறந்துவிடுகிறது. கசாப் வழக்கு நான்கே ஆண்டுகளில் எல்லாப் படிகளையும் தாண்டியது. மனம் வைத்தால் நடக்கும்.

ஒரு நொடியில் எடுத்த முடிவை ஏசி அறையில் உட்கார்ந்து அலசுவது நியாயமா?

இந்தப் பக்கத்தில் நான் ரொம்பவும் மதிக்கும் கேள்வி இதுதான். 2020 ஜனவரி 8-ல் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை நள்ளிரவில் தனியாக விரட்டிப் போன நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். எதிரில் வருபவன் இடுப்பில் என்ன வைத்திருக்கிறான் என்று தெரியாமல் இருட்டில் நிற்பவரின் பயம் எனக்குப் புரிகிறது. நீதிமன்றங்களுக்கும் புரிகிறது. தாக்கப்படுபவர் தராசில் நிறுத்துப் பார்த்துத் திருப்பி அடிக்க முடியாது என்பது தற்காப்புச் சட்டத்தில் பழைய கொள்கை.

ஓம் பிரகாஷ் எதிர் ஜார்க்கண்ட் அரசு என்ற 2012-ம் ஆண்டு வழக்கைப் பாருங்கள். குற்றவாளி என்பதற்காக ஒருவரைக் கொல்வது போலீஸின் வேலை இல்லை, கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்துவதுதான் வேலை என்று உச்ச நீதிமன்றம் அதில் கடுமையாகச் சொன்னது. மனித உரிமை பேசுபவர்கள் எல்லோரும் அந்த வரியை மேற்கோள் காட்டுவோம். அந்த வழக்கின் முடிவு என்ன என்பதை மட்டும் பலர் சொல்வதில்லை. சூழ்நிலையையும் ஆவணங்களையும் ஆராய்ந்து, காவலர்கள் மீதான வழக்கை அதே தீர்ப்பு ரத்து செய்தது. உண்மையாகவே ஆபத்தில் சுட்ட காவலருக்கு ஆவணமும் விசாரணையும்தான் கவசம். விசாரணையே இல்லாமல் மூடப்பட்டிருந்தால், அந்தக் காவலர்கள் மீது ஊர் வாய் ஆயுசுக்கும் பேசியிருக்கும்.

சரி, என்கவுன்ட்டரில் ஒருவர் இறந்தால் அதன் பிறகு என்னதான் நடக்க வேண்டும்?

மக்கள் சிவில் உரிமைக் கழகம் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் 2014 செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் 16 நெறிகளை வகுத்தது. அவை நாடு முழுவதும் சட்டமாகவே செல்லும். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

ரகசியத் தகவல் வந்தால் கிளம்புவதற்கு முன்பே அது ஏதாவதொரு வடிவில் பதிவாகியிருக்க வேண்டும். ஆள் இறந்தால் எஃப்ஐஆர் கட்டாயம், அது தாமதமின்றி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சுட்ட அணியே விசாரிக்கக் கூடாது. சிஐடியோ வேறு காவல் நிலையத்தின் அணியோ, சுட்ட அணியின் தலைவரைவிட ஒரு படியாவது மேலான அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையில் 2 மருத்துவர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். சுட்ட துப்பாக்கிகளைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். எல்லா மரணங்களிலும் மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு. தேசிய அல்லது மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். காயத்தோடு உயிர் இருந்தால் முதலில் சிகிச்சை.

என்னைப் பொறுத்தவரை இவற்றில் கூர்மையானது ஒன்றுண்டு. சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பரிசோ கொடுக்கக் கூடாது, வீரம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமான பிறகே கொடுக்கலாம். "என்கவுன்ட்டர் ஸ்பெஷலிஸ்ட்" என்ற பட்டத்தின் வேரையே அறுக்கும் நெறி இது. இன்னொன்றையும் கவனியுங்கள். சம்பந்தப்பட்ட காவலரின் குடும்பத்துக்குத் தகவல் தெரிவித்து, வழக்கறிஞர் உதவியும் மனநல ஆலோசனையும் தர முன்வர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஓர் உயிரை எடுத்தவரின் மனதில் என்ன நடக்கும் என்று நீதிபதிகள் யோசித்திருக்கிறார்கள். அரசின் அனுமதியின்றிக் காவலர்கள் சங்கம் வைத்துக் கேட்க முடியாத நாட்டில், காவலருக்காகப் பேசிய வரி அது.

ஆர்டிஓ விசாரணைதான் நடக்கிறதே, போதாதா?

போதாது. ஆர்டிஓ என்கிற கோட்டாட்சியர் நேர்மையாக இருந்தாலும், அதே மாவட்டத்தில் தினமும் காவல்துறையோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய நிர்வாக அதிகாரி அவர். மேலும் இந்த அறிக்கைகள் பொதுவெளிக்கு வருவது அரிது. ஓர் அறிக்கை வெளியே வந்தால்தான், அது காவலரை விடுவித்திருந்தாலும் சரி, குற்றம் சொல்லியிருந்தாலும் சரி, மக்கள் நம்புவார்கள்.

காலில் சுட்டுப் பிடிக்கிறார்களே, அது பரவாயில்லையா?

உண்மையாகவே தாக்க வந்தவரைக் காலில் சுட்டு நிறுத்தியிருந்தால் அந்தக் காவலரைப் பாராட்டுவேன். ஆனால் ஒவ்வொரு முறையும் "அடையாளம் காட்ட அழைத்துச் சென்றபோது, மறைத்து வைத்திருந்த ஆயுதத்தால் தாக்கினார்" என்ற ஒரே வாசகம் வரும்போது, படிப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. பிடிபட்டவரை அங்கே அழைத்துப் போனவர்கள் ஏன் அந்த இடத்தை முன்கூட்டியே சோதிக்கவில்லை? 2014 நெறிகள் படுகாயம் ஏற்பட்ட சம்பவங்களுக்கும் கூடுமானவரை பொருந்தும்.

மாவுக்கட்டுப் படங்களும் இதே வகைதான். கையில் கட்டோடு நிற்கும் இளைஞன், "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்ற விளக்கம், கீழே சிரிப்புக் குறிகள். காவலில் இருப்பவர் வழுக்கி விழுந்தாலும் அதற்குப் பொறுப்பு காவலில் வைத்தவர்களுடையது. அதைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய சமூகம் அடுத்த படிக்கும் பழகிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு.

போராட்டக் கூட்டம் கல்லெறிந்தால் போலீஸ் சும்மா நிற்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கலைந்து போகச் சொல்லி உத்தரவிடலாம், மறுத்தால் பலத்தைப் பயன்படுத்தலாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-வது பிரிவு அதிகாரம் தருகிறது. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி, லத்தி என்று ஒவ்வொன்றாகப் போய், உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் கடைசியாக வருவது துப்பாக்கி. 1990-ல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகளும் இதையே சொல்கின்றன. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் கொல்லும் நோக்கில் சுடலாம்.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலையை மூடக் கோரி 100-வது நாளாக நடந்த போராட்டம். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தப்பி ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள், மறைவிடங்களிலிருந்து சுட்டார்கள், சுடும் அளவுக்கு அங்கே தூண்டுதல் இல்லை என்று அது சொன்னது. 17 போலீஸார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அன்று கல்வீச்சில் காயம்பட்ட காவலர்களும் உண்டு, அவர்கள் வலியும் வலிதான். ஆனால் எறிந்தவர் கல்லோடு நிற்கும் நொடிக்கும், முதுகைக் காட்டி ஓடும் நொடிக்கும் இடையில்தான் சட்டத்தின் கோடு இருக்கிறது. அறிக்கை வந்து இத்தனை காலமாகியும் குற்றவியல் விசாரணை எங்கே என்று இறந்தவர்களின் வீட்டார் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது நமக்கெல்லாம் வெட்கம்.

இப்படிக் கேள்வி கேட்டால் காவல்துறையின் மன உறுதி குலையாதா?

மன உறுதியைக் குலைப்பது வேறு. ஓய்வில்லாத டியூட்டி, பண்டிகை நாளில் பந்தோபஸ்து, வீட்டு வேலைக்கு விடும் ஆர்டர்லி முறை, அரசியல்வாதியின் ஒரு போனில் வரும் இடமாற்றம். தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுப்பு என்ற அறிவிப்பே 2021-ல்தான் வந்தது. மன உறுதியைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் முதலில் அந்த விடுப்பு எல்லா நிலையங்களிலும் உண்மையில் கிடைக்கிறதா என்று கேட்கட்டும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் இருந்த தந்தையும் மகனும் இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே அங்கிருந்தவர்கள் மிரட்டினார்கள். சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் அறிக்கையில் எழுதினார். அந்த நிலையத்திலேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், இரவெல்லாம் நடந்ததை அவரிடம் சொன்னார். சுற்றிலும் சக காவலர்கள், மறுநாளும் அதே சீருடைதான் போட வேண்டும். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பொறுப்புக்கூறல் என்பது இப்படிப்பட்ட காவலர்கள் பயமில்லாமல் வேலை செய்வதற்கான ஏற்பாடு என்றுதான் நான் பார்க்கிறேன். அது இல்லாத இடத்தில் நேர்மையானவர் வாய்மூடி இருக்கக் கற்றுக்கொள்கிறார்.

மேலதிகாரி சுடச் சொன்னால் கான்ஸ்டபிள் என்ன செய்வார், பாவம்?

போலி என்கவுன்ட்டருக்கு "மேலிடத்து உத்தரவு" என்பது சாக்காகாது என்று 2011-ல் பிரகாஷ் கதம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழ்நிலைக் காவலர் மட்டும் கூண்டில் நிற்க, உத்தரவிட்டவர் ஓய்வூதியத்தோடு வீட்டில் இருப்பதையும் நான் ஏற்க மாட்டேன். கட்டளைச் சங்கிலி முழுவதையும் விசாரிக்க வேண்டும்.

போலீஸ் மீது புகார் கொடுக்கத் தனி அமைப்பு இல்லையா?

இருக்க வேண்டும். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் காவல் புகார் ஆணையங்களை அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் கொண்டுவந்த காவல் சீர்திருத்தச் சட்டத்தில், மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டிஜிபி உறுப்பினர். யார் மீது புகாரோ அந்தத் துறையின் தலைவரே புகாரைக் கேட்கும் இருக்கையில். இதை மாற்றுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை, அரசுக்கு விருப்பம் இருந்தால் போதும்.

இறந்தவரின் குடும்பம் உடனடியாக என்ன செய்யலாம்?

எஃப்ஐஆர் நகலையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள், கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். பரிசோதனைக்கு முன்பே, வீடியோ எடுக்க வேண்டும் என்று மனுவில் குறிப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் அடக்கம் செய்யுங்கள், எரிக்க வேண்டாம். மறு பரிசோதனை தேவைப்பட்டால் உடல் இருக்க வேண்டும். 2014 நெறிகள் மீறப்பட்டால் அந்தப் பகுதியின் செஷன்ஸ் நீதிபதியிடமே புகார் செய்ய அந்தத் தீர்ப்பு வழி தருகிறது. மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓர் ஆண்டுக்குள் போய்விட வேண்டும். காவலர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி கேட்கப்பட்டால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-வது பிரிவின்படி 120 நாளில் அரசு முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கருதப்படும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

சம்பவத்தை நேரில் பார்த்தேன், செல்போனில் வீடியோவும் இருக்கிறது. பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பயம் இருப்பதில் தவறில்லை. முதலில் அந்த வீடியோவை வெட்டாமல், ஒட்டாமல், பெயர் கூட மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். எடுத்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம், மூல சாதனம் நீதிமன்றத்தில் தேவைப்படலாம். ஒரு பிரதியை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். சமூக வலைதளத்தில் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமின் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சான்றிதழை அவர் தயார் செய்வார். வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன்னிலையில் கொடுக்க விரும்புவதாகவும், சாட்சிப் பாதுகாப்பு வேண்டும் என்றும் மனு போடலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. வீடியோவில் காவலர் தாக்கப்படுவதும் பதிவாகியிருந்தால் அந்தப் பகுதியையும் சேர்த்தே கொடுங்கள்.